வீழ்ந்தாடலும் ஆடலே

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் பரதம் பயிலும் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்து 14 நிமிடம் நீளும் ஓர் ஆற்றுகையைத் தாங்களாகவே உருவாக்கினார்கள். அவர்களில் மூவருடைய தாய்மார் இலங்கையின் வடக்கே, போர்முனையாக இருந்த முகமாலைப் பக்கத்தில் மிதிவெடி அகற்றும் பணியில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள். விடியுமுன்னே சோற்றைக் கட்டிக்கொண்டு வாகனத்துக்காக வீதிக்கரையில் நிற்கும் தாயைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வேலையின் ஒவ்வோர் அசைவும் பாடமாக இருந்தது. ஒரு மீற்றர் அகலமான ஒடுங்கிய பாதை, அதில் முழங்காலூன்றி அமர்தல், சிறிய வாரியினால் மண்ணைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்தல், முகக் கவசத்துக்குள் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கினாலும் கையை உயர்த்தாதிருத்தல், எழும்புதல், ஓரடி முன்னே வைத்து மறுபடி அமர்தல்: இவ்வளவுதான் அந்த ஆற்றுகை. வாரிக்குப் பதிலாக ஆளுக்கொரு ஈர்க்குக்கட்டு வைத்திருந்தார்கள். பாட்டு இல்லை, மிருதங்கம் இல்லை, சலங்கையும் இல்லை. சீமெந்துத் தரையில் ஈர்க்கு உரசும் ஓசையும் பிள்ளைகள் மூச்சு விடும் ஓசையும் மாத்திரமே கேட்டன.

இதனை ஒரு போட்டியின் நடனப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். நடுவர்கள் முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார்கள். முடிந்ததும் புள்ளித்தாளில் எதுவும் எழுதாமல் என்னை அழைத்து, இதில் பரதத்தின் அடிப்படை அசைவான அடவும் இல்லை, தாளமும் இல்லை, அபிநயமும் இல்லை, ஆகவே இது நடனம் ஆகாது, நாடகப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். நாடகப் பிரிவில் இருந்தவர்களோ வசனமும் கதையும் இல்லாததைச் சுட்டிக்காட்டி எங்களைத் திரும்பவும் நடனப் பிரிவுக்கே அனுப்பினார்கள். பிற்பகல் நான்கு மணிவரை இரண்டு மண்டபங்களுக்கும் நடுவே நின்ற வேப்பமரத்தின் கீழ் பிள்ளைகள் மண்நிறச் சட்டைகளோடு காத்திருந்தார்கள். பின்னர் பேருந்தில் ஏறி வீடு வந்து சேர்ந்தோம்.

அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆயினும் நடுவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமான கேள்விதான் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். பரிசோதனை ஆற்றுகை என்று இன்று அழைக்கப்படுவதை நடனத்துள் அடக்கலாமா? உடலை முன்வைத்து ஒருவர் அவைமுன் எதைச் செய்தாலும் அதனை ஆடல் என்று ஏற்றுக்கொள்ள வேண்டுமா? ஆண்டுக்கணக்கில் முழங்காலைப் பாதி மடித்து அரைமண்டியில் நின்று தட்டடவு பழகும் பிள்ளைக்கு நான் இதற்கு ஒழுங்கான ஒரு விடை சொல்லக் கடமைப்பட்டவள். விடையைத் தேடும்போது நான் முதலில் போய் நின்ற இடம் எங்கள் சொந்தச் சொற்கள்தாம்.

வடக்கே நாங்கள் வாழும் வன்னியில் நடனம் என்ற சொல்லைப் பாடசாலைக்கும் மேடை அறிவிப்புக்கும் வெளியே எவரும் அதிகம் சொல்வதில்லை. இங்கே கூத்து ஆடுகிறோம், காவடி ஆடுகிறோம், கரகம் ஆடுகிறோம். அம்மன் கோயிலில் ஒருவர்மேல் தெய்வம் வந்து இறங்கினால் அவர் கலை ஆடுகிறார் என்கிறோம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்குப் போனவர்கள் அறிவார்கள்: அந்தச் சன நெரிசலுக்குள் ஒரு பெண் தலைமயிர் அவிழ ஆடத் தொடங்கினால், சுற்றி நிற்பவர்கள் அவளுக்கு இடம் விட்டு விலகி நிற்பார்களே ஒழிய, அது எந்த வகை ஆட்டம் என்று எவரும் கேட்பதில்லை. ஊஞ்சலும் ஆடுகிறது, காற்றில் கிளையும் ஆடுகிறது. நின்ற நிலை பெயர்ந்து, பெயர்ந்தது மீண்டும் நிலைக்கு வருவதையே தமிழ் ஆடல் என்று சொல்லி வந்திருக்கிறது. பாடத்திட்டத்தில் உள்ள நடனம் அந்தப் பெரிய சொல்லுக்குள் இருக்கும் ஓர் அறை.

இது நான் என் வசதிக்காகச் சொல்லும் பொருள் என்று எவரேனும் கருதினால், சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையைப் பார்க்கலாம். அங்கே மாதவி ஆடிய பதினொரு ஆடல்கள் சொல்லப்படுகின்றன. அவற்றை உரையாசிரியர் அடியார்க்குநல்லார் இரண்டு கூறாக வகுத்துக் காட்டுகிறார். அல்லியம், கொடுகொட்டி, குடை, குடம், பாண்டரங்கம், மல் என்னும் ஆறும் நின்றாடல். துடி, கடையம், பேடு, மரக்கால், பாவை என்னும் ஐந்தும் வீழ்ந்தாடல். இந்தப் பெயர்களை மாணவப் பருவத்தில் பரீட்சைக்காக மனனம் செய்து ஒப்புவித்திருக்கிறேன். பிள்ளைகள் வேப்பமரத்தின் கீழ் இருந்த அந்தப் பிற்பகலில்தான் வீழ்ந்தாடல் என்ற சொல் எனக்குள் உண்மையாகவே விழுந்தது. ஆடலைப் பகுத்தவர்கள் நிற்பதற்கு ஒரு கூறு வைத்தது போலவே வீழ்வதற்கும் ஒரு கூறு வைத்திருக்கிறார்கள்.

அந்த ஐந்தில் கடையம் என்பது இந்திராணி வயலிலே நின்று, உழவர்குலப் பெண்ணின் கோலத்தில் ஆடிய ஆடல். வேலை செய்யும் பெண்ணின் உருவத்தைத் தேவலோகத்து அரசிக்கு ஏற்றி, அதனை மாதவி போன்ற பெருங்கலைஞர் ஆடுவதற்குரிய ஆடல்களில் ஒன்றாக வைத்த மரபு இது. வயலில் குனிந்த பெண்ணின் உடல் ஆடலுக்கு உரியதென்றால், முகமாலையின் மணலில் முழங்காலூன்றிய பெண்ணின் உடல் எப்படி உரியதல்லாமற் போகும்? மரக்கால் என்பதோ மாயவளாகிய கொற்றவை மரத்தாலான கால்களின்மேல் நின்று, அவுணராகிய அசுரர் ஏவிய பாம்பும் தேளும் போன்றவற்றை மிதித்து ஆடியது. நிலத்துக்குள் மறைந்திருந்து காலைக் கொல்வதற்கு வைக்கப்பட்டவற்றை வெல்ல ஒரு தெய்வம் செயற்கைக் காலோடு ஆடியது என்ற கதையை, பொய்க்கால் பொருத்திய மனிதர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் வாழும் இந்த மண்ணில் இருந்துகொண்டு படிக்கும்போது, நெஞ்சு ஒருகணம் நின்றுதான் போகிறது.

அதே உரையாசிரியர், கூத்து என்ற பெரும்பிரிவுக்குள்ளேயே கதை தழுவாத அவிநயத்தையும் கதை தழுவிய நாடகத்தையும் உட்பிரிவுகளாக வைத்துப் பேசுகிறார். இரண்டு மண்டபங்களுக்கு நடுவே எங்களை அலையவைத்த அந்த எல்லைக்கோடு எங்கள் முன்னோர் கிழித்த கோடன்று. இருபதாம் நூற்றாண்டில் நடனத்தையும் நாடகத்தையும் தனித்தனிப் பாடங்களாக்கி, தனித்தனி ஆசிரியர்களையும் தனித்தனிப் புள்ளித்தாள்களையும் ஏற்படுத்தியபோது அந்தக் கோடு எங்கள் நடுவில் ஆழமாக விழுந்துவிட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊரில் காத்தவராயன் கூத்து இரவு முழுவதும் ஆடப்படும். பாயையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு போய், மணலில் படுத்தபடி பார்த்துவிட்டு, இடையில் உறங்கி, காதலி ஆரியமாலையைத் தேடிப் போகும் காத்தானின் குரல் கேட்டு எழும்புவோம். அது சிந்துநடைக் கூத்து; பெயரிலேயே நடை இருக்கிறது. மட்டக்களப்பு வடமோடிக் கூத்திலே காணப்படும் விரிந்த ஆட்டக்கோலங்களும் துரிதமான சுழற்சிகளும் இதில் இல்லை. பாடிக்கொண்டே தாளத்துக்கு ஓர் அடி முன்னும் ஓர் அடி பின்னுமாகத் துள்ளி நடக்கும் அந்த எளிய நடையில்தான் இரவு முழுவதும் கழிகிறது. விடியற்காலையில் கழுமரத்தின் கீழ் வந்து நிற்கும், கடைசிப் பகுதியில் காத்தானாக ஆடும் பின்காத்தானின் கால்கள் களைத்துத் தளர்ந்திருக்கும். அந்தத் தளர்ச்சியை எந்தப் பயிற்சியாலும் பாசாங்காகக் கொண்டுவர முடியாது. பரதம் பழகிய என் கண்ணுக்கு ஒரு காலத்தில் அது பழக்கமில்லாத கால்கள் போடும் அடியாகத் தெரிந்ததுண்டு. அப்படி நினைத்ததற்காக இன்று வருந்துகிறேன். எட்டு மணிநேரம் ஒரே நடையைத் தாங்கி, அந்த நடையின் மாறாத்தன்மையாலேயே பார்ப்பவரைக் கட்டிப்போடும் ஓர் உடல் எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது என்பதை அப்போது நான் உணரவில்லை.

அடவு இல்லை என்பது நடுவர்கள் சொன்ன முதற் குறை. அடவை அளவுகோலாகக் கொண்டால், பரதத்தின் அடவு எதுவும் இல்லாத காத்தான் கூத்தும் நடனத்துக்கு வெளியே போய்விடும். கொஹொம்ப கங்காரிய என்னும் சிங்களச் சடங்கிலிருந்து பிறந்த கண்டி நடனமும் வெளியே போய்விடும். அதை அந்த நடுவர்களே ஏற்கமாட்டார்கள். மேலும் நாம் மாறாதது என்று கற்பிக்கும் பரத வடிவமும் மனிதர் கூடி அமைத்ததே. அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் வரிசையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்தினார்கள். தேவதாசியர் ஆடிவந்த, சதிர் என்று பழிக்கப்பட்ட ஆட்டம் 1930களில் பரதநாட்டியம் என்ற பெயரோடு சபை மேடைக்கு வந்தது. 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் முதன்முதலாக ஆடியபோது, பிராமணக் குலத்துப் பெண் இதனை ஆடலாமா என்று முகஞ்சுளித்தவர்கள் இருந்தார்கள். அவர் உடையை மாற்றினார், மேடையை மாற்றினார், பதங்கள் என்னும் காதற் பாடல்களில் சிலவற்றை ஒதுக்கினார். தேவதாசி மரபில் வந்த பாலசரஸ்வதி அந்த ஒதுக்கலை ஏற்க மறுத்துத் தம் குடும்ப மரபின் சிருங்காரத்தைக் கடைசிவரை காத்து நின்றார். எது நடனம் என்ற இதே வழக்கு அந்த இரு பெரியோருக்கும் இடையிலும் நடந்திருக்கிறது. இருவரும் எங்களுக்குத் தேவைப்பட்டார்கள்.

அதே பரத மரபிலிருந்து வந்தவர் சந்திரலேகா. காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் முறையாகப் பரதம் கற்றுப் புகழோடு ஆடி, பின்னர் பல ஆண்டுகள் மேடையை விட்டு விலகியிருந்து, 1985இல் அங்கிகா என்ற ஆக்கத்தோடு திரும்பினார். தெய்வக் கதையையும் நகை அலங்காரத்தையும் விலக்கி, பரதத்தின் அடவுகளைக் களரிப்பயிற்றுக்கும் யோகாசனத்துக்கும் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். 2001இல் அவர் அமைத்த சரீரா என்ற ஆக்கத்தில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் தரையோடு தரையாக, ஒரு கால் உயர்ந்து விரிவதற்கே நிமிடங்கள் செல்லும் அளவுக்கு மெதுவாக அசைகிறார்கள். அதன் ஒளிப்பதிவை என் மூத்த மாணவியருக்குக் காட்டியபோது முதல் பத்து நிமிடம் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. அதன்பிறகு ஒருவரும் பேசவில்லை. முடிந்ததும் ஒரு பிள்ளை எழுந்து நின்று, அதேபோல் தன் காலை உயர்த்திப் பார்க்க முயன்றாள். கால் நடுங்கியது. துரிதகாலத்தில் ஆடும்போது நமக்கே தெரியாமல் மறைத்துக்கொள்ளும் குறை எல்லாம் விளம்பகாலத்தில் வெளியே வந்துவிடும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

மேல்நாட்டிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. ஓரிடத்தில் உண்மையாகவே நீதிமன்றத்தில் நடந்தது. 1962இல் நியூயோர்க் நகரின் ஜட்சன் தேவாலயத்தில் கூடிய இளம் நடனக் கலைஞர்கள், பயிற்சி பெற்ற உடலுக்கு மட்டுமே உரியதென்று கருதப்பட்ட மேடையில் நடத்தலையும் இருத்தலையும் சாமான் தூக்குதலையும் கொண்டுவந்தார்கள். அவர்களுள் ஒருவரான ஸ்ரீவ் பாக்ஸ்ரன் 1967இல் அமைத்த ஓர் ஆக்கத்தில் பெருந்தொகையானோர் மேடையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நடந்து போவதும், இடையே நிற்பதும், கதிரையில் அமர்வதும் தவிர வேறெதுவும் இல்லை. பிரெஞ்சுக் கலைஞர் ஜெரோம் பெல்லின் ஆக்கமொன்று 2002இல் டப்ளின் நகரில் நடந்த நடன விழாவில் இடம்பெற்றது. அதைப் பார்த்த ஒருவர், நடனம் என்று சொல்லி நுழைவுச்சீட்டு விற்றுவிட்டு நடனமல்லாத ஒன்றைக் காட்டினார்கள் என்று விழாவினர்மேல் வழக்குத் தொடுத்தார். 2004இல் அந்த வழக்குத் தள்ளுபடி செய்யப்பட்டது. வழக்குத் தொடுத்தவரை நான் முட்டாள் என்று நினைக்கவில்லை. ஒரு சொல்லை நம்பிப் பணம் கொடுத்தவர் அந்தச் சொல்லின் பொருளைக் கேட்பது அவருடைய உரிமை. ஆனால் அந்தப் பொருளை நீதிபதி தீர்க்க முடியாது. அதைப் போலவே, ஒரு புள்ளித்தாளாலும் தீர்க்க முடியாது.

இவற்றுள் என்னைக் கூடுதலாகத் தொட்டது யப்பானில் பிறந்த பூட்டோ. 1959இல் தட்சுமி ஹிஜிகாத்தா தொடக்கி வைத்த இந்த ஆடல், போரில் தோற்று எரிந்துபோன ஒரு நாட்டிலிருந்து எழுந்தது. வெண்பூச்சு பூசிய உடல்கள் வளைந்து, குறுகி, நடுங்கி, மண்ணை நோக்கித் தாழ்கின்றன. மேல்நாட்டு பாலே வானை நோக்கி எழும்ப விரும்புகிறது. பூட்டோ நிலத்துக்குள் இறங்குகிறது. அதன் மற்றோர் ஆசானாகிய கசுவோ ஓனோ போருக்கு அனுப்பப்பட்டுச் சிறைப்பட்டுத் திரும்பியவர். 1906இல் பிறந்த அவர் தொண்ணூறு வயதைத் தாண்டியும் ஆடினார். நிற்க முடியாத காலத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடி கைகளால் ஆடினார். அதை நடனமில்லை என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. போரைப் பார்த்த உடல் எதை எப்படி ஆடும் என்ற கேள்விக்கு யப்பானில் கிடைத்த விடை அது. வன்னியில் அந்தக் கேள்வியை இன்னும் நாங்கள் போதுமான அளவு கேட்கவில்லை. இங்கே மேடைகளில் போரைக் காட்டும்போது பெரும்பாலும் குண்டுச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டு, பிள்ளைகளை விழுந்து புரளச் செய்து, ஒரு சோகப் பாட்டை வைத்துவிடுகிறோம். அதில் அடவு உண்டு, பாட்டு உண்டு, முகபாவம் உண்டு, புள்ளியும் கிடைக்கும். ஆனால் அப்படி விழும் பிள்ளையின் உடலுக்கு விழுதல் என்றால் என்னவென்று தெரியாது. அவள் கைகளை முன்கூட்டியே தரைக்கு நீட்டிவிடுவாள்.

அதற்காகப் பரிசோதனை என்ற பெயரோடு வரும் எல்லாவற்றையும் ஆடல் என்று நான் ஏற்கவில்லை. ஆற்றுகைக் கலைஞர் மரீனா அப்ராமோவிச் 1974இல் நேப்பிள்ஸ் நகரில் 72 பொருட்களை மேசையில் பரப்பிவைத்து, அவற்றால் தம்மை எதுவும் செய்யலாம் என்று பார்வையாளருக்கு இடங்கொடுத்து, 6 மணிநேரம் அசையாமல் நின்றார். அது மிகப்பெரிய ஆற்றுகை. நினைத்தாலே உடல் கூசுகிறது. ஆயினும் அது ஆடலன்று. அங்கே காலத்தை நடத்தியவர்கள் பார்வையாளர்கள். அவருடைய உடல் அதைத் தாங்கியது. அவரும் அதைக் காண்பியக் கலையின் வழியில் வந்த ஆற்றுகையாகவே முன்வைத்தார், நடனமாக்கி விற்கவில்லை. அதேபோல் மேடைக்கு வந்து ஒரு சேலையைக் கிழித்து, சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டு, அதன் பொருளை விளக்கும் தாளை வாசலில் கொடுக்கும் ஆற்றுகைகள் சிலவற்றையும் பார்த்திருக்கிறேன். அங்கே உடலுக்கு வேலையே இல்லை. கருத்தைச் சுமந்துவந்து இறக்கிவைக்கும் ஒரு கூலியாளாக உடல் நிற்கிறது. அதே கருத்தை ஒரு கட்டுரையில் எழுதியிருந்தால் எதுவும் குறைந்திருக்காது. அவற்றை நடனப் பிரிவில் சேர்க்கச் சொல்லி என்னிடம் வந்தால் நானும் மறுப்பேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலின் முன்னால், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தைப் பற்றி, அதுவும் ஓர் ஆற்றுகையே என்று ஆராய்ச்சி மொழியில் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெயிலில் அமர்ந்திருக்கும் தாய் எவருக்கும் எதையும் நிகழ்த்திக் காட்டவில்லை. அவள் பிள்ளையைக் கேட்கிறாள். அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கொடுத்தால் அவள் அடுத்த நிமிடமே எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள். கலைஞன் அப்படி எழுந்து போகமாட்டான். அவனுக்கு அந்த அமர்வுதான் வேண்டும், நாளையும் அதே அமர்வை அமர வேண்டும். எல்லா அசைவையும் ஆடலுக்குள் இழுத்துப்போடும் ஆசைக்கு நான் இந்த இடத்தில் வரம்பு கட்டிக்கொள்கிறேன்.

ஆகவே ஒரு செயலை ஆடல் என்று சொல்ல நான் பார்ப்பது காலத்தைத்தான். உடல் தன் காலத்தைத் தானே பிடித்து நடத்துகிறதா? அந்தக் காலத்தை நேற்றுப் பிடித்ததுபோல் இன்றும் பிடிக்க முடியுமா? அது பிசகினால் பிசகு என்று ஒருவரால் கண்டுகொள்ள முடியுமா? வாயால் சொல்லும் சொல்லுக்கட்டும் சலங்கையும் காலத்தை வெளியே கேட்கச்செய்யும் வழிகள். அவை இல்லாத இடத்திலும் காலம் இருக்கலாம். ஆட்டத்தைத் தாளத்தால் நடத்தும் நட்டுவனார் மௌனமாக இருக்கும்போது அவரின் விரலைக் கவனித்தவர்களுக்கு இது புதிதன்று.

எங்கள் பிள்ளைகளின் ஆற்றுகையில் தாளம் இல்லை என்றதுதான் எனக்கு ஏற்பட்ட பெரிய மனத்தாங்கல், ஏனென்றால் அது உண்மையில் பிழையான கூற்று. ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி ஒரே திசையை நோக்கி, தனித்தனிப் பாதையில் முழங்காலூன்றி இருந்தார்கள். எவரும் கைகாட்டவில்லை. அப்படியிருக்க ஏழு பேரும் ஒரே கணத்தில் எழும்பியது எப்படி? மூச்சை எண்ணினார்கள். முதல் அமர்வு நான்கு மூச்சு, அடுத்தது ஐந்து, அதற்கடுத்தது ஆறு என்று ஒவ்வோர் அமர்வும் ஒரு மூச்சு நீண்டு, கடைசி அமர்வில் ஒன்பது மூச்சுக்கு வந்து நிற்கும். பதற்றத்தில் ஒரு பிள்ளையின் மூச்சு விரைந்தால் எல்லாமே குலைந்துவிடும் என்பதால், மூன்று மாதம் வகுப்பு முடிந்த பின்னர் இருந்து, ஒருவர் மூச்சை மற்றவர் காதால் கேட்டுக் கேட்டுச் சமப்படுத்திக்கொண்டார்கள். முழங்காலிலிருந்து கையூன்றாமல், உடல் சாயாமல், முழு இரண்டு மூச்சு நேரம் எடுத்து எழும்புவது முழுமண்டியிலிருந்து எழும்புவதைவிடக் கடினமானது. அரைமண்டியில் நின்று பழகிய தொடைகள் இல்லாவிட்டால் அதைச் செய்ய முடியாது. பரதத்தை விட்டுவிட்டு அவர்கள் அங்கே போகவில்லை. பரதம் கொடுத்த கால்களோடுதான் போனார்கள்.

போட்டியிலிருந்து திரும்பிய இரண்டு கிழமைக்குப் பின்னர், எங்கள் ஊர் பொதுநோக்கு மண்டபத்தில் அதனை மறுபடி நிகழ்த்தினோம். மேடை இல்லாததால் சனங்கள் மூன்று பக்கமும் பாயில் இருந்தார்கள். அறுபது பேர் வரை வந்திருப்பார்கள். முன்வரிசையில் தாய்மார் மூவரும் இருந்தார்கள்; அவர்களுக்குப் பின்னால், என் சிறுவயதில் காத்தான் கூத்தை ஆட்டுவித்த அண்ணாவியார் தூணில் சாய்ந்திருந்தார். எண்பதை நெருங்கியவர், பார்வை குறைந்துவிட்டது. பிள்ளைகள் தொடங்கி இரண்டாவது அமர்வுக்கு வந்தபோது அவருடைய பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவதைக் கண்டேன். அதன்பிறகு என் கண் பிள்ளைகளிடம் போகவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது அமர்வில் விரல் சற்றே தடுமாறியது. ஒவ்வொரு தரமும் ஒரு மூச்சு கூடுகிறது என்பதைக் கண்டுகொண்ட பின்னர் அது தடுமாறவேயில்லை.

முடிந்ததும் மண்டபத்தில் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. முதலில் எழுந்து வந்தவர் ஒரு பிள்ளையின் தாய். மகளின் கையிலிருந்த ஈர்க்குக்கட்டை வாங்கி, சேலையை ஒதுக்கிக்கொண்டு அந்த இடத்திலேயே முழங்காலூன்றினார். "வாரியத் தூக்கிப் போடாத பிள்ளை. தூக்கினா முடிஞ்சுது. மண்ணோட ஒட்டி இழுக்கோணும்," என்று சொல்லி மூன்று தரம் இழுத்துக் காட்டினார். அவருடைய தோள் அசையவில்லை. முழங்கைக்குக் கீழே மாத்திரமே அசைந்தது. ஏழு பிள்ளைகளும் சுற்றி நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மூன்று மாதம் நான் திருத்தாமல் விட்ட பிழையை அவர் அரை நிமிடத்தில் திருத்தினார்.

அண்ணாவியார் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். நடனமா நாடகமா என்று அவர் கேட்கவில்லை. "ஐஞ்சாந்தரம் எழும்பேக்க இடப்பக்கக் கரையில நிண்ட பிள்ளை முந்திட்டுது. கவனிச்சனியோ?" என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை. எப்படி அறிந்தீர்கள், உங்களுக்குக் கண் தெரியாதே என்று கேட்டபோது, அந்தப் பக்கத்திலிருந்து தரையில் கால் பட்ட சத்தம் முன்னுக்குக் கேட்டது என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒன்பது மூச்சோடு நிறுத்தியது போதாது, பார்த்திருக்கிற சனத்துக்கு இனித் தாங்காது என்று வருகிற இடத்துக்கு அப்பாலும் ஒரு மூச்சுப் போக வேண்டும், கூத்தில் கழுமரத்துக்கு ஏறும் முன்னர் காத்தானை அப்படித்தான் நிறுத்திவைப்போம் என்றார்.

பத்து மூச்சுக்கு மாற்றி இப்போது மறுபடி பழகுகிறார்கள். கரையில் நிற்கும் பிள்ளையை நடுவுக்கு மாற்றியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குத் தானும் வருவதாகவும், மத்தளத்தைக் கொண்டுவருவதாகவும் அண்ணாவியார் சொல்லியனுப்பியிருந்தார். இதற்கு மத்தளம் வேண்டாமே என்று நான் தயங்கியபடி தொலைபேசியில் சொன்னேன். "அடிக்கமாட்டன் பிள்ளை, மடியில வைச்சிருக்கிறன்," என்றார்.